கடைசிக் கை

எங்கள் படகில் ஒரு வழக்கம் இருந்தது. சங்கு குளிக்க இறங்கியவர்களில் கடைசியாக மேலே வந்து படகின் விளிம்பைத் தொடுகிறவனுக்குத்தான் முதல் டீ. அந்தக் கை விளிம்பில் படும்வரை டிரைவர் இன்ஜினை இயக்க மாட்டார். புன்னைத்துறையின் எல்லாப் படகுகளிலும் இந்த வழக்கம் உண்டு. கடைசிக் கை என்று சொல்வோம். மற்றப் படகுகளில் அது நாளுக்கு ஒருவனுடையதாக இருந்தது. எங்கள் படகில் மட்டும் அது எப்போதும் என் கணவர் கஸ்பாருடையது.

"கீழ ஒருத்தன் கெடக்கையில நான் மேல வந்து டீ குடிக்கவா?" என்பார்.

அவருடைய அப்பா அப்படித்தான் போனார். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டவரை யாரும் திரும்பிப் பார்க்காமல் மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். அதனால் கஸ்பார் கீழே ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பார். உள்ளங்கையை மேலே திருப்பி இரண்டு விரல்களை அசைப்பார். நீங்க போங்க, நான் வாரேன் என்று அதற்கு அர்த்தம். எல்லாக் கால்களும் மேலே மறைந்த பிறகுதான் அவர் மணலை உதைத்து எழும்புவார்.

பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பப் பயந்த தாய்மார்கள் அவர் படகில் இடம் கேட்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் ஒரு முறை அவர் பெயரைச் சொன்னார். கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

அவர்மேல் அதிகப் பித்து என் தம்பி சந்தியாகுவுக்குத்தான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். கல்யாணமாகி வந்தபோது என்னோடு அவனும் வந்தான். "உங்கக்கா கொண்டாந்த சீதனம் நீதாம்ல" என்று கஸ்பார் அவனைச் சீண்டுவார். அவன் மச்சானைப் போலவே முடி வெட்டிக்கொண்டான், மச்சானைப் போலவே வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டினான். கடலுக்கடியில் சங்கு மணலுக்குள் புதைந்துதான் கிடக்கும். அது ஊர்ந்த தடத்தைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சந்தியாகு அதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான்.

டீக்கடையில் கஸ்பார் அவன் தோளில் கை போட்டு எல்லாருக்கும் காட்டுவார். "எனக்கு அடுத்தது எம்மாப்ளதான். அவனுக்குக் கண்ணு கால்ல இருக்கு."

எனக்கு அடுத்தது. அந்த வார்த்தையில் அன்று யாருக்கும் ஒன்றும் தவறாகக் கேட்கவில்லை. அவர் சொன்னது உண்மையும்கூட. படகு விளிம்பில் கடைசிக்கு முந்திய கை எப்போதும் சந்தியாகுவுடையது.

அப்போது சங்குக்குப் புது மவுசு வந்திருந்தது. அதன் சதையிலிருந்து புற்றுநோய்க்காரர்களுக்கான வலிமருந்து எடுக்கலாம் என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால் சங்கு உயிரோடு வர வேண்டும். இயந்திரம் இறக்கினால் நசுங்கியது. சிலிண்டர் கட்டி இறங்கினால், அந்தக் குமிழிச் சத்தத்துக்கே சங்கு ஆழமாகப் புதைந்துகொண்டது. மூச்சைப் பிடித்து இறங்கும் மனிதன்தான் வேண்டும், நிறைய வேண்டும். கஸ்பாரைப் போன்ற ஆள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரே ஒருவர்தான். அதனால் ஒரு மருந்துக் கம்பெனி எங்கள் ஊருக்கு வந்தது.

வந்தவள் நிவேதனா என்கிற இன்ஜினியர் பெண். சென்னைக்காரி. எங்கள் வீட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நான் கொடுத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினாள். பையிலிருந்து தபால் தலை அளவில் ஒரு பட்டையை எடுத்துக் காட்டினாள்.

"இதைப் பிடரியில ஒட்டிக்கிட்டு அண்ணன் வழக்கம்போல இறங்கினாப் போதும். இதயம் எப்ப மெதுவாகுது, கண்ணு எங்க போகுது, உடம்பு எப்ப என்ன முடிவு எடுக்குதுன்னு எல்லாத்தையும் இது பதிஞ்சு வச்சுக்கும். அப்புறம் அதையே இன்னொருத்தர் பிடரியில ஒட்டினா, அவர் உடம்பு கொஞ்சம் கொஞ்சமா அண்ணன் மாதிரியே பழகிடும்."

டிரைவர் ஞானையா அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். "அப்ப கஸ்பாரை ஜெராக்ஸ் எடுக்கப் போறிய."

"கிட்டத்தட்ட."

"அது கட்டளை போடுமாம்மா? ஏறு, எறங்குன்னு?" என்று நான் கேட்டேன்.

"இல்லக்கா. அவங்களுக்கே அப்படித் தோணும். சொந்த ஆசை மாதிரிதான் இருக்கும்."

கஸ்பார் அந்தப் பட்டையை விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் பெருமை தெரிந்தது. "எங்கப்பா மாதிரி இனி ஒருத்தனும் சாவக் கூடாது. எடுத்துக்கோங்க" என்றார்.

ஊர்க்காரர்கள் அதற்கு ஒட்டு என்று பெயர் வைத்தார்கள். ஒட்டு மாங்கன்று மாதிரி. ஒரு பருவம் முழுக்கக் கஸ்பாரைப் பதிந்தார்கள். அடுத்த பருவத்தில் எங்கள் படகில் சந்தியாகுவுக்கும் தொபியாஸுக்கும், ஆஸ்கர், பெர்க்மான்ஸ், இன்னொரு பையன் என மேலும் மூன்று பேருக்கும் ஒட்டினார்கள். படகில் திரையைப் பார்த்துக்கொள்ள எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றபோது என்னை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் படகு வீடுகளில் பிளஸ் டூ வரை படித்தவள் நான் ஒருத்திதான். பெண்ணே அதுவரை படகில் ஏறியதில்லை. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு வளையம் கட்டினார்கள், அதிலிருந்து திரையில் ஆளுக்கொரு புள்ளி. பச்சை என்றால் உடம்பு அமைதி. சிவப்பு என்றால் ஆபத்து. புள்ளி கீழே போனால் ஆள் இறங்குகிறான், மேலே வந்தால் ஏறுகிறான். அவ்வளவுதான் என் வேலை.

தொபியாஸ்தான் எங்கள் படகின் மட்டமான மூச்சுக்காரன். இறங்கிய வேகத்தில் ஏறிவிடுவான். "உனக்கு டீ ஆத்துறதுக்குள்ள வந்துருவியேல" என்று ஞானையா அண்ணன் கிண்டல் செய்வார். ஒட்டு போட்ட சில வாரங்களில் அந்தத் தொபியாஸ் கூடை நிறையச் சங்கோடு நிதானமாக மேலே வந்தான். கஸ்பார்தான் முதலில் கை தட்டினார். உண்மையாகவே தட்டினார். கண் கலங்கியிருந்தது.

அவர் அப்படிக் கை தட்டியது அதுவே கடைசி.

ஒரு நாள் கஸ்பார் விளிம்பைத் தொட்டார். வழக்கம்போல ஞானையா அண்ணன் பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி நீட்டினார். கஸ்பார் வாங்கப் போகும்போது தண்ணீர் விலகி இன்னொரு கை விளிம்பில் விழுந்தது. சந்தியாகு. மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தான்.

ஞானையா அண்ணன் இரண்டு பேரையும் பார்த்தார். வழக்கம் வழக்கம்தான். டீயைச் சந்தியாகுவிடம் கொடுத்தார்.

"என்ன மச்சான், என்னைப் பாக்காம ஏறிட்டிய" என்றான் சந்தியாகு. விளையாட்டாகத்தான் சொன்னான்.

"நீ பாறைக்கு அந்தப் பக்கம் போயிருந்த. ஏறிட்டன்னு நெனச்சேன்."

"இல்லியே. ஒங்க பின்னாடிதான் நின்னேன். போங்கன்னு கைகூடக் காட்டுனேன்."

அவன் உள்ளங்கையைத் திருப்பி இரண்டு விரல்களை அசைத்துக் காட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரித்தார். அடுத்த டீயை அவர் வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

அன்றைக்குப் பிறகு வீட்டில் அவர் சந்தியாகுவை மாப்ள என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை. "ஒந்தம்பி" ஆகிவிட்டான். ஒந்தம்பி சாப்பிட்டானா, ஒந்தம்பி எங்க போனான். கடைத்தெருவில் பிள்ளைகள் அவரைப் பார்த்து "எந்தக் கஸ்பார் போறாரு?" என்று கேட்டுவிட்டு ஓடினார்கள். கம்பெனிக்காரர்கள் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரிய படம் வைத்தார்கள். ஆறு பேரும் வரிசையாக நிற்கும் படம். கஸ்பார் நடுவில்கூட இல்லை. உயரப்படி நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஏட்டி, என் மூச்சை வச்சுத்தான அவன் என்னை ஜெயிக்கான்?"

"அவன் எங்க ஜெயிச்சான்? ஒங்ககூட நிக்கான். அவ்வளவுதான."

"அதத்தான் சொல்லுதேன்" என்றார்.

அவர் மட்டும் மாறினார் என்று சொன்னால் அது அநியாயம். முன்பெல்லாம் படகில் திரும்பி வரும்போது சந்தியாகு ஓயாமல் கேட்பான். மச்சான் அந்தத் தடத்தை எப்படிப் பாத்திய, மச்சான் நீரோட்டம் மாறுனது எப்படித் தெரிஞ்சுது என்று. இப்போது கேட்பதற்கு ஒன்றுமில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கூடையில் கூடுதலாக இருந்தால் மற்றவன் காறித் துப்பினான். தொபியாஸைக்கூட இப்போது யாரும் கேலி செய்வதில்லை. கேலி செய்யும் அளவுக்கு அவனை யாருக்கும் பிடிக்கவில்லை. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்கும் படகாக அது ஆகிவிட்டது.

அவர்கள் மேலே வருவதும் நாளுக்கு நாள் தாமதமானது. ஞானையா அண்ணன் பழைய ஆள், திரையை நம்ப மாட்டார். ஆட்கள் இறங்கியதும் ஜெபமாலையை எடுத்து உருட்டுவார். எத்தனை ஜெபமணி உருண்டால் தலை தெரியும் என்று அவருக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தப்பத் தொடங்கியது. பெர்க்மான்ஸ் ஒரு நாள் மூக்கில் ரத்தத்தோடு வந்தான். "ஏம்ல இவ்வளவு நேரம்?" என்று நான் கத்தினேன். "ஏறத் தோணலக்கா" என்றான். அவனுக்கே அது வியப்பாக இருந்தது.

அதை நான் நிவேதனாவிடம் சொன்னேன். அவள் மறுநாளே வந்துவிட்டாள். கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, இவங்க எல்லாருக்கும் உடம்பு போதும்னு சொல்ற இடம் வந்துடுது. ஆனா அதுக்கப்புறமும் கீழயே நிக்கிறாங்க. அண்ணன் வழக்கமா எந்த நேரத்துல ஏறுவாரு?"

"நேரம்னு ஒண்ணும் கிடையாதும்மா. எல்லாரும் ஏறுன பெறகு ஏறுவாரு."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான். ஒவ்வொரு மொகமாப் பாப்பாரு. கடைசி ஆளு போற வரைக்கும் நிப்பாரு."

அவள் விரல் விசைப்பலகையில் அப்படியே நின்றது. "அதுவும் பதிஞ்சிருக்கும்" என்றாள் மெதுவாக. "அஞ்சு பேருக்கும் அதுவே தோணும். மத்தவங்க ஏறட்டும், நான் கடைசியா ஏறுறேன்னு."

"இவ்வளவு நாளும் ஏறி வந்தானுவளே?"

"மூச்சு உடைஞ்சு வந்திருக்காங்கக்கா. இன்னும் ஒட்டு முழுசாப் பிடிக்கல. பிடிச்சிடுச்சுன்னா மூச்சு கேட்கறதுகூடத் தெரியாது."

அவள் கம்பெனியிடம் பேசினாள். ஒட்டைக் கழற்றினால் திரும்பப் பிடிக்க ஒரு பருவம் ஆகும் என்று கம்பெனி தயங்கியது. அதைக்கூட அவள் சமாளித்திருப்பாள். ஐந்து பேரும் கழற்ற மாட்டோம் என்றதுதான் அவளை உடைத்தது. "கழட்டிட்டுப் பழையபடி கஸ்பார் பின்னாடி நிக்கணுமா?" என்று கேட்டது வேறு யாருமில்லை, என் தம்பி.

கடைசியில் அவள் ஒரு வழி சொன்னாள். கஸ்பார் ஒரு முறை, ஒரே ஒரு முறை, மற்றவர்கள் கீழே இருக்கும்போதே ஏற வேண்டும். அதைப் பதிந்து ஐந்து பேருக்கும் அப்போதே அனுப்பிவிடலாம். ஏறலாம் என்று உடம்புகள் கற்றுக்கொள்ளும். பக்கத்துப் படகு ஆட்களை இறக்கி முதலில் முயன்று பார்த்தார்கள். அவர்களை விட்டுவிட்டு கஸ்பார் சாதாரணமாக ஏறி வந்தார். ஒட்டில் ஒன்றும் பதியவில்லை. அவருடைய உடம்பு வேறு படகு ஆட்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. தன் படகு ஆட்கள் கீழே இருந்தால்தான் அது நடக்கும்.

"முதல்ல ஏறணுமா?" என்றார் கஸ்பார். "அவனுவ முன்னாடி?"

"ஒரு தடவைதான அண்ணே."

அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். பின்னாலேயே போனேன். துவைகல்லில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சில மாதங்களில் அவர் தோள் எலும்பு எவ்வளவு துருத்திக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். வீட்டுத் தொட்டியில் தலையை முக்கி முக்கி மூச்சுப் பழகிக்கொண்டிருந்தவர், சரியாகச் சாப்பிடுவதில்லை.

"அஞ்சு உசிரு" என்றேன். "அதுல ஒண்ணு எந்தம்பி."

"தெரியும்."

"பிறகென்ன? ஒரு தடவை ஏறுங்க. யாருக்குக் கொறஞ்சு போகும்?"

"மெற்றில்டா, எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். மிச்சத்தை எல்லாம் குடுத்தாச்சு."

அவர் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். நான் அவர் தலையில் கை வைத்தேன். "சரி, ஏறுதேன்" என்றார். அவர் சொன்னது மெய். அவர் மனதில் அப்போது வேறு எண்ணம் இல்லை என்று இன்றைக்கும் நான் சத்தியம் செய்வேன்.

சாயங்காலம் சந்தியாகு வந்தான். விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கவலைப்படாதிய மச்சான். நீங்க மொதல்ல ஏறுனா நாங்க யாரும் சிரிக்க மாட்டோம்" என்றான்.

கஸ்பார் அவனைப் பார்த்தார். "நீ ஏன்ல சிரிக்கப் போற?"

"சிரிக்க மாட்டோம்னுதான சொல்லுதேன்."

"சாப்பிட்டுப் போ" என்றார் கஸ்பார். நான் இருவருக்கும் ஒரே நேரத்தில் சோறு போட்டேன். இருவரும் ஒரே மாதிரி பிசைந்து, ஒரே மாதிரி உருட்டி, ஒரே நேரத்தில் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்கள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் காலை கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. எங்கள் படகுக்குப் பக்கத்திலேயே உதவிக்கு இன்னொரு படகு நங்கூரமிட்டிருந்தது. நிவேதனா என் அருகில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு பேரும் இறங்கினார்கள். ஞானையா அண்ணன் ஜெபமாலையை எடுத்தார்.

ஆறு பச்சைப் புள்ளிகள் கீழே போய் ஒரு வட்டமாக நின்றன.

"அண்ணன் இப்ப ஏறுவாரு" என்றாள் நிவேதனா.

கஸ்பாரின் புள்ளி அசைந்தது. ஏறியது. நான் மூச்சை விட்டேன். மெல்ல, நேராக, மேலே மேலே வந்தது. பாதி தூரம் வந்திருக்கும். அங்கே நின்றது.

"ஏறுங்க அண்ணே" என்று நிவேதனா திரையிடம் சொன்னாள்.

புள்ளி அங்கேயே நின்றது. பிறகு, ஏறிய அதே வேகத்தில் திரும்பக் கீழே போய், வட்டத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தது.

நிவேதனா எழுந்து நின்றுவிட்டாள். நான் இரும்புக் கம்பியை எடுத்துப் படகின் பக்கவாட்டில் அடித்தேன். மேலே வா என்பதற்கு அதுதான் அடையாளம். தண்ணீருக்குள் அது மணி அடிப்பதுபோல் கேட்கும் என்பார்கள். அடித்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் அசையவில்லை. எல்லாருக்கும் கேட்டிருக்கும். ஒவ்வொருவனும் மற்றவன் போகட்டும் என்று நின்றிருப்பான்.

ஆறும் பச்சை. ஒரு சிவப்புகூட இல்லை. ஐந்து பேரையும் ஒட்டு அவ்வளவு அமைதியாக வைத்திருந்தது, கஸ்பாருக்கு அந்த அமைதி சொந்தம்.

ஞானையா அண்ணனின் விரலில் மணிகள் சுற்றி வந்து சிலுவையில் முடிந்தன. அவர் அதை முத்தமிட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். பக்கத்துப் படகைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார். அங்கிருந்து ஆட்கள் குதித்தார்கள்.

அப்போது ஒரு புள்ளி பச்சையாகவே இருந்து அணைந்துபோனது. இன்னொன்று சட்டென்று சிவப்பாகி விறுவிறுவென்று மேலே ஏறியது. தண்ணீரைப் பிளந்துகொண்டு தொபியாஸ் வந்தான். வாயை அகலத் திறந்து காற்றை விழுங்கினான். பிடரியில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. ஒட்டு இருந்த இடம் அது.

"பிச்சு எடுக்காரு" என்று அலறினான். "கஸ்பார் மச்சான் ஒவ்வொருத்தனா பிச்சு எடுக்காரு!"

காற்று நெஞ்சில் நிறைந்ததும் பக்கத்துப் படகு ஆட்களோடு அவனும் மறுபடி முங்கினான். யார் தடுத்தும் கேட்கவில்லை.

ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேரையும் மேலே கொண்டுவந்தார்கள். மூன்று பேர் பிடரியில் ஒட்டு இல்லை, ஆனால் நேரம் கடந்திருந்தது. கஸ்பாரும் சந்தியாகுவும் சேர்ந்தே வந்தார்கள். கஸ்பாரின் விரல்கள் சந்தியாகுவின் பிடரியில் பதிந்திருந்தன. ஒட்டு பாதி உரிந்து தொங்கியது.

படகின் பக்கவாட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொபியாஸ் மிதந்தான். கீழே நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னான்.

"மச்சான் ஏறத்தான் செஞ்சாரு அக்கா. பாதி வழியில திரும்பிப் பாத்தாரு. சந்தியாகு கையக் காட்டுனான். நீங்க போங்க, நான் வாரேன்னு. அதப் பாத்ததும் எறங்கிட்டாரு. வந்து அவன் எதுத்தாப்ல மணல்ல உக்காந்தாரு. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தாவ."

"நீங்கள்லாம்?"

"நாங்களும் இருந்தோம். மூச்சு முட்டவே இல்ல. சொகமா இருந்துச்சு. இவனுவ போகட்டும்னு இருந்தேன். அப்ப ஆஸ்கர் அப்படியே சாஞ்சான். அவன் சாஞ்சதப் பாத்துதான் மச்சானுக்கு உறைச்சுது. பாஞ்சு வந்து மொதல்ல என்னைத்தான் பிடிச்சாரு. பிடரியில இருந்து பிய்ச்சாரு. அந்த நிமிசமே நெஞ்சு வெடிச்சிரும்போல ஆயிருச்சு. ஓடியாந்துட்டேன்."

"சந்தியாகு எங்க இருந்தான்?"

தொபியாஸ் தண்ணீரைப் பார்த்தான். "மச்சானுக்குப் பக்கத்துலதான். கை நீட்டுனா தொட்டிரலாம். ஆனா எங்கிட்டத்தான் மொதல்ல வந்தாரு. ஏறையில குனிஞ்சு பாத்தேன். பெறகு ஆஸ்கர், பெர்க்மான்ஸ், அந்த இன்னொரு பய. அவன்கிட்ட கடைசியா."

ஞானையா அண்ணன் சொன்னார், அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார்: "எளச்ச மூச்சுக்காரனைத்தான் மொதல்ல தூக்கணும். அதுதான மொறை. பழைய வரிசையில பாத்திருக்கான். தொபியாஸ் கடைசி, சந்தியாகு மேல. எம்மாப்ள தாங்குவான்னு நெனச்சிருப்பான். ஒட்டு வந்த பெறகு எல்லாம் ஒரே மூச்சுன்னு அந்த நேரத்துல மறந்திருப்பான்."

அப்படியும் இருக்கலாம். டீக்கடையில் தோளில் கை போட்டு, எனக்கு அடுத்தது இவன்தான் என்று சொன்ன அதே கணக்காக அது இருக்கலாம். இல்லை, மணலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்த அந்தப் பார்வையின் மிச்சமாகவும் இருக்கலாம். கஸ்பாருக்கு ஒட்டு கட்டளை போடவில்லை. அவர் பிடரியில் இருந்தது பதிகிற பட்டை மட்டும்தான். அவர் செய்தது எல்லாம் அவரே செய்தது. என்னை விசாரித்த அதிகாரிகள் பிறகு இதையே வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். தெரியாது என்றேன். இந்த இரண்டு பேருக்கும் சோறு போட்டவள் நான். எனக்கே தெரியாது.

ஐந்து உடல்களும் இரண்டு படகுகளுக்கும் நடுவே கயிறுகளில் கிடந்தன. ஞானையா அண்ணன் இன்ஜின் பக்கம் போகவில்லை. என்னைப் பார்த்து நின்றார்.

"கை தொட வைக்காம ஏத்த முடியாது தாயி" என்றார். "கடைசிக் கை படாம நான் இன்ஜினை எடுத்ததில்ல. யாரை மொதல்ல, யாரைக் கடைசியா? நீயே சொல்லு."

நிவேதனா படகின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் எழுந்து விளிம்புக்குப் போனேன்.

"கஸ்பாரை மொதல்ல" என்றேன்.

"கஸ்பாரையா?" என்றார் ஞானையா அண்ணன். "அவனையா மொதல்ல?"

"ஒரு தடவை ஏறுதேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் எறங்குனாரு."

அவருடைய கையை நானே பிடித்து விளிம்பில் வைத்தேன். நகக்கண்ணில் என் தம்பியின் தோல் இருந்தது. அதைத் துடைக்கவில்லை. அவரைத் தூக்கிப் படகில் கிடத்தினார்கள். ஆஸ்கர், பெர்க்மான்ஸ், அந்த இன்னொரு பையன், ஒவ்வொரு கையாக வைத்து ஏற்றினோம். எல்லாருக்கும் கடைசியாகச் சந்தியாகுவின் கையை வைத்தேன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவன் கை எப்படி இருக்குமோ, அதற்கு நேர்மாறாக இருந்தது.

ஞானையா அண்ணன் பழக்கத்தில் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றினார். ஊற்றிவிட்டு, அதை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கீழே வைத்துவிட்டு இன்ஜினைப் பிடித்து இழுத்தார். அது உறுமி எழுந்தது.

அப்போதுதான் தொபியாஸ் எங்கே என்று பார்த்தேன். அவன் படகில் இல்லை.

அவன் இன்னும் தண்ணீரில்தான் இருந்தான். கயிற்றை விட்டுவிட்டு விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி மிதந்துகொண்டிருந்தான். உதடு நீலமாக நடுங்கியது. பிடரியில் ஒட்டு இல்லை. கிழிந்த இடத்திலிருந்து ரத்தம் மட்டும் தண்ணீரில் நூலாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது.

"ஏறுல தொபியாஸ்" என்றேன். "எல்லாரும் ஏறியாச்சு."

அவன் படகில் கிடந்தவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பக்கத்துப் படகையும் பார்த்தான். பக்கத்துப் படகின் கடைசி ஆள் ஒருவன் இன்னும் கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் நின்றான். தொபியாஸ் அவனைப் பார்த்து, உள்ளங்கையைத் திருப்பி இரண்டு விரல்களை அசைத்தான்.

"நீங்க போங்க" என்றான். "நான் வாரேன்."